ஓடிபி யாருக்குப் போகிறது? சேலம், ஏற்காடு வாடகை வீடுகளில் போன், இன்டர்நெட், அலாரம்

சேலத்தில் வீடு பார்க்க வருபவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். மேட்டூர் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், போர் இருக்கிறதா, வண்டி எங்கே நிறுத்துவது, அட்வான்ஸ் எவ்வளவு. இன்டர்நெட் பேச்சு சாவி கைமாறும் நேரத்தில்தான் வரும். "ஒயர் எல்லாம் இருக்குதுங்க, நீங்க மாசாமாசம் பணம் மட்டும் கட்டிக்கங்க" என்பார் ஓனர். கேட்க நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் நாலு கேள்விகள் பதில் இல்லாமல் அப்படியே கிடக்கும். இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? ஓடிபி யார் செல்போனுக்குப் போகிறது? சுவரில் தொங்கும் பெட்டி யாருடையது? பழைய பாக்கி ஏதாவது நிற்கிறதா?

லேண்ட்லைன், பிராட்பேண்ட், திருட்டு அலாரம் மூன்றுக்கும் இதே நாலு கேள்விதான். வேகமும் விலையும் அப்புறம். ஓடிபி கையில் இல்லாதவர் பணம் கட்டலாம், அவ்வளவுதான். திட்டத்தை மாற்றவோ, வீடு காலி செய்யும்போது இணைப்பை நிறுத்தவோ அவரால் முடியாது. கம்பி அறுந்தால் ஒன்றிரண்டு நாளில் ஒட்டிவிடுவார்கள். பெயர்ச் சிக்கல் மாதக்கணக்கில் இழுக்கும்.

சாவி வாங்கும் முன்

வீடு பார்க்கப் போகும்போது இரண்டு கம்பெனி சிம்களோடு போங்கள். வாசலிலும் மொட்டை மாடியிலும் நின்று பார்த்தால் எல்லா வீட்டிலும் சிக்னல் நன்றாகத்தான் காட்டும். படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்காவது போன் போட்டுப் பேசுங்கள். செவ்வாய்ப்பேட்டை, குகை பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் தடிமனாக இருக்கும். முன்கூடத்தில் தெளிவாகக் கேட்கும் குரல் சமையலறைக்குப் போனதும் விட்டு விட்டுக் கேட்கும். நாளைக்கு நீங்கள் வைக்கப்போகும் வைஃபையும் அதே சுவரில்தான் முட்டிக்கொள்ளும். ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கத்து அடுக்குமாடிகளில் விஷயமே வேறு. அங்கே எந்தக் கம்பெனியின் கேபிளைக் கட்டடத்துக்குள் விடுவது என்று குடியிருப்போர் சங்கம் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கலாம். அதைச் சங்கச் செயலாளரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஓனருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

அப்புறம் தெருவுக்கு வந்து கம்பத்தை அண்ணாந்து பாருங்கள். எந்தக் கம்பெனியின் பெட்டி அதில் இருக்கிறது, அதிலிருந்து எத்தனை கறுப்பு ஒயர்கள் இந்த வரிசை வீடுகளுக்கு இறங்குகின்றன என்பதை வைத்தே அந்தத் தெருவில் யாருடைய சேவை ஓடுகிறது என்று பிடித்துவிடலாம். எதிர் வீட்டில், "ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு எப்படிங்க வருது?" என்று கேளுங்கள். பகல் பதினொரு மணிக்கு எல்லா நெட்டும் பறக்கும். எல்லோரும் வீடு திரும்பித் திரையைத் திறந்த பிறகு வருவதுதான் உண்மையான வேகம்.

ஏற்காட்டில் இந்தச் சோதனையை இன்னும் பொறுமையாகச் செய்ய வேண்டும். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். ஏரியைச் சுற்றி, கடைவீதிப் பக்கம் வேலை நடந்துவிடும். நாகலூர், மஞ்சக்குட்டை போகும் வழியில் காப்பித் தோட்டங்களுக்குள் இருக்கும் வீடுகளில், மேட்டின் இந்தச் சரிவில் கிடைக்கும் டவர் அந்தச் சரிவில் கிடைக்காது. வாசல்படியில் ஒரு கம்பெனி, கிணற்றடியில் இன்னொன்று என்றுகூட இருக்கும். அதனால் தரகர் காட்டும் அரைமணி நேரத்தை நம்பாமல், முடிந்தால் சாயங்காலம் ஒருமுறை போய் உட்கார்ந்து பாருங்கள். மே மாதக் கோடை விழாவுக்குக் கூட்டம் ஏறும்போது செல்போன் டேட்டா தவழும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் என்றால் மலை மேல் வீட்டுக்கு ஃபைபர் வருகிறதா என்று உறுதியாகத் தெரியும் வரை அட்வான்ஸ் கொடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஒப்பந்தத்தில் நாலு வரி

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யவும் வேண்டும். பலர் இன்னும் முத்திரைத்தாளில் பதினோரு மாதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள்கிறார்கள். எப்படி எழுதினாலும் சரி, வாடகை, அட்வான்ஸ், வெள்ளையடிப்புக் கூலி பற்றியெல்லாம் எழுதும் தாளில் இதற்கும் நாலு வரி இடம் கொடுங்கள். மாதிரிக்கு இப்படி:

"வீட்டில் உள்ள தொலைபேசி, இணைய இணைப்பை வாடகைதாரர் தம் பெயரில் பெற்று, தம் செலவில் வைத்துக்கொள்வார். கேபிள் கொண்டுவரத் துளையிடவும், மாடியில் சிறு ஆன்டெனா பொருத்தவும் உரிமையாளர் சம்மதிக்கிறார். காலி செய்யும்போது துளையை அடைத்துத் தர வேண்டும். வீட்டில் ஏற்கெனவே உள்ள அலாரம், கேமரா ஆகியவற்றின் ரகசிய எண்கள் குடிவரும் நாளில் வாடகைதாரரிடம் ஒப்படைக்கப்படும். வீட்டின் உட்புறத்தில் உரிமையாளரின் கேமரா எதுவும் இயங்காது."

இதைச் சொன்னால் சில ஓனர்கள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. துளையைப் பற்றிக் குடிவரும் முன்பே பேசிவிட்டால், காலி செய்யும் நாளில் அட்வான்ஸில் பிடித்தம் என்ற பேச்சு வராது.

போன்

சேலம் நகரின் எஸ்டிடி எண் 0427, ஏற்காட்டுக்கு 04281. செல்போன் வந்த பிறகு லேண்ட்லைன் எதற்கு என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தாலோ, அலாரம் பெட்டி லேண்ட்லைன் வழியாகக் கூப்பிடும் வகையாக இருந்தாலோ கொஞ்சம் நில்லுங்கள்.

பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் போன் வேலை செய்யும். இப்போது ஃபைபருக்கு மாறிய இடங்களில் போன் ஒயர் ஃபைபர் பெட்டியின் பின்புறத்தில்தான் செருகப்படுகிறது. அந்தப் பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் போனும் ஊமை. "லேண்ட்லைன்தானே, கரண்ட் போனாலும் ஓடும்" என்று ஓனர் தன் பழைய அனுபவத்தில் சொன்னால், எந்தக் கம்பி என்று பாருங்கள்.

லேண்ட்லைன் எண்ணைச் செல்போன் எண்ணைப் போல வேறு கம்பெனிக்கு எடுத்துப் போக முடியாது. ஓனர் பெயரில் பல வருடமாக இருக்கும் எண்ணை நீங்கள் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வதும் வீண் வேலை. அவருக்கு அது உறவுகளெல்லாம் அறிந்த எண். வேண்டாமென்றால் பாக்கியைத் தீர்த்து அவரே ஒப்படைத்துவிடட்டும், உங்கள் பெயரில் புதிதாக ஒன்று எடுங்கள்.

செல்போனில் செய்ய வேண்டியது இரண்டு. உங்கள் கம்பெனிக்கு இந்த வீட்டில் சிக்னல் இல்லையென்றால், போர்ட் என்ற ஆங்கிலச் சொல்லையும் உங்கள் எண்ணையும் 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதைக் கொண்டு அதே எண்ணோடு வேறு கம்பெனிக்கு மாறலாம். ஆனால் அதற்கு முன்னால் போனின் அமைப்புகளில் வைஃபை காலிங் என்பதை இயக்கிப் பாருங்கள். டவர் இல்லாத இடத்திலும் வீட்டு வைஃபை வழியாக உங்கள் வழக்கமான எண்ணிலேயே பேசலாம். தனி ஆப் வேண்டாம், பெரும்பாலும் தனிக் கட்டணமும் கிடையாது. மலை வீடுகளுக்கு இது பெரிய வரம். ஃபைபர் நன்றாக இருந்தால் டவர் இல்லாத குறையே தெரியாது. ஃபைபர் போனால் போனும் சேர்ந்து போகும், அது வேறு கதை.

பிராட்பேண்ட் எடுப்பது

சேலத்தில் உங்கள் முன்னால் வருவது ஏறக்குறைய நாலு வழி. பிஎஸ்என்எல் ஃபைபர், இதைப் பல பகுதிகளில் உள்ளூர்ப் பங்குதாரர் ஒருவர்தான் வீடு வரை இழுத்துக் கொடுத்துப் பழுதும் பார்ப்பார். பெரிய தனியார் கம்பெனிகளின் ஃபைபர். தெருக் கேபிள்காரரின் நெட். கடைசியாக, 5ஜி டவரிலிருந்து காற்று வழியே வாங்கி வைஃபை தரும் ஏர்ஃபைபர் வகை.

எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது, உங்கள் தெருவில் எது நல்லது என்றுதான் பார்க்க வேண்டும். ஆனால் கேபிள்காரரிடம் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: "அண்ணா, தெருவுல கரண்ட் போனா உங்க நெட்டும் போயிடுமா?" காரணம் இருக்கிறது. ஃபைபர் இணைப்பை ஒழுங்காக அமைத்தால் எக்ஸ்சேஞ்சுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் இருக்காது. ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் சிறு பிரிப்பான்கள் மட்டும்தான். அவற்றுக்குக் கரண்ட் வேண்டாம். சில உள்ளூர் இணைப்புகளில் கம்பத்துப் பெட்டிக்குள்ளோ யாரோ ஒருவர் வீட்டு மாடியிலோ ஒரு சுவிட்ச் உட்கார்ந்திருக்கும். அங்கே கரண்ட் போனால், நீங்கள் வீட்டில் ஆயிரம் யுபிஎஸ் வைத்தாலும் நெட் வராது.

ஏர்ஃபைபர் வாடகைதாரர்களுக்குக் கவர்ச்சியானது. தெருவிலிருந்து கேபிள் இழுக்க வேண்டாம். ஆனால் மாடியில் ஆன்டெனா வைக்க ஓனர் சம்மதம் வேண்டும். புது வீட்டுக்கு எடுத்துப் போனால் அங்கேயும் அந்தக் கம்பெனியின் 5ஜி எட்ட வேண்டும். சும்மா கழற்றிக் காரில் போட்டுப் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். முகவரி மாற்றத்தைக் கம்பெனியிடம் பதிவு செய்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

எதை எடுத்தாலும் உங்கள் பெயர், உங்கள் செல்போன் எண். ஓனர் பெயரில் இருக்கும் இணைப்பை நீங்கள் பயன்படுத்தினால், அதன் வழியே ஏதாவது ஏடாகூடம் நடந்து போலீஸ் விசாரித்து வந்தால் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். இதைச் சொன்னால் பெயர் மாற்றத்துக்கு மறுக்கும் ஓனரும் ஒத்துக்கொள்வார். ஆதாரில் வேறு ஊர் முகவரி இருந்தால் வாடகை ஒப்பந்த நகலையும் கையில் வைத்திருங்கள். கதவு எண்ணைப் பழையது, புதியது இரண்டையும் எழுதுங்கள். சேலத்தில் ஒரே தெருவில் இரண்டு எண்களும் கலந்து கிடக்கும், ஒயர் போட வருபவர் தெருவில் நின்றபடி உங்களுக்குப் பத்து முறை போன் போடுவார்.

ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் சேர்த்துக் கட்டினால் சலுகை என்பார்கள். பதினோரு மாத ஒப்பந்தத்தில் முதல் முறை வந்திருப்பவர் அதை எடுக்க வேண்டாம். மூன்று மாதம் பாருங்கள், ஒரு மழையையும் ஒரு வெயிலையும் தாண்டட்டும்.

ஒயர் போடும் நாளில் வீட்டில் இருங்கள். இதைப் பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்து முடிக்கிற வேலையாக நினைக்காதீர்கள். வருபவர் முதலில் எந்தப் பக்கம் துளை போடலாம் என்று சுவரைத் தட்டிப் பார்ப்பார். ஏசி குழாய்க்குப் போட்ட துளையோ, ஜன்னல் சட்டத்தின் மூலையோ இருந்தால் அதைக் காட்டுங்கள், புதுத் துளை வேண்டாம். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒயரைத் தொங்கவிட்டு, அங்கிருந்து மேலேற்றி உள்ளே விடச் சொல்லுங்கள். அப்போதுதான் மழைத்தண்ணீர் ஒயரோடு வழிந்து உள்ளே வராமல் வெளியிலேயே சொட்டும். பிறகு கறுப்பு உறையை உரித்து, முடி அளவுக்கு மெல்லிய கண்ணாடி இழையைத் துடைத்து, நேராக வெட்டி, பெட்டிக்குப் போகும் மஞ்சள் ஒயரோடு ஒட்டுவார். சிலர் ஒட்டும் இயந்திரம் கொண்டுவருவார்கள், சிலர் கையாலேயே ஒரு இணைப்பியை மாட்டிவிடுவார்கள். இயந்திர ஒட்டு நீடித்து நிற்கும், கேட்டுப் பாருங்கள். வெட்டி விழுந்த இழைத் துண்டுகளைப் பெருக்கி எடுக்கச் சொல்வது முக்கியம். அது கண்ணாடி, தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கண்ணுக்கே தெரியாது.

அவர் கையில் ஒளி அளக்கும் சின்னக் கருவி இருக்கும். அதில் காட்டும் எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை இருந்தால் நல்லது. மைனஸ் 27ஐத் தாண்டி 28, 29 என்று போனால் இன்றைக்கு ஓடும், விரைவிலேயே விட்டு விட்டு வரும். பின்னால் பழுது என்று கூப்பிடும்போது, "போட்ட அன்றைக்கு மைனஸ் 20 இருந்தது, இன்றைக்கு எவ்வளவு என்று பாருங்கள்" என்று சொல்லும் வாடிக்கையாளரிடம் ரீஸ்டார்ட் பண்ணுங்க என்று சொல்லிவிட்டுப் போவது கடினம்.

பெட்டியை வீட்டின் நடுவில், தோள் உயரத்தில் வையுங்கள். டிவிக்குப் பின்னாலும் இரும்பு பீரோ மேலும் வைத்துவிட்டு வைஃபை எட்டவில்லை என்று புலம்புவதில் பொருளில்லை. பெட்டியின் அடியில் இருக்கும் ஆரம்பப் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். மேல் வீடு, கீழ் வீடு இரண்டுக்கும் ஒரே இணைப்பை ஓனர் பகிர்ந்து கொடுத்திருந்தால், விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்றைத் திறந்து அதை மட்டும் மற்ற வீட்டாருக்குக் கொடுக்கலாம். வாடகைக்கு விடும் ஏற்காட்டு விடுமுறை வீட்டுக்காரர்களுக்கும் இதுதான் வழி. வாரம் ஒரு குடும்பம் மாறும் இடத்தில் கேமராவும் அலாரமும் இருக்கும் வைஃபையின் பாஸ்வேர்டு சுவரில் ஒட்டியிருக்கக் கூடாது.

கரண்ட்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் மதியமோ மாலையோதான் வரும். செய்தித்தாளின் மின்தடை அறிவிப்பில் உங்கள் துணைமின் நிலையத்தின் பெயர் எது என்று முதலிலேயே தெரிந்து வையுங்கள். தெருப் பெயரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மின்தடைப் புகாருக்கு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

வீட்டில் ஓனரின் இன்வெர்ட்டர் இருந்தால், எந்தப் பிளக் பாயின்ட் அதன் லைனில் இருக்கிறது என்று கேட்டு, ரவுட்டரை அங்கே மாட்டுங்கள். பெரும்பாலும் ஃபேனும் லைட்டும் மட்டும்தான் இன்வெர்ட்டரில் இருக்கும். இல்லையென்றால் ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ் வாங்கலாம். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வாங்குங்கள். 12 வோல்ட்தான் சாதாரணமாக இருக்கும், ஆனால் பார்க்காமல் வாங்கினால் பெட்டி போய்விடும். நாலு மணி நேரம் நிற்கும் என்று பெட்டியில் போட்டிருந்தால் இரண்டு மணி நேரத்தை நம்புங்கள்.

மலையில் இடி மின்னல் நேரத்தில் அடாப்டரைப் பிளக்கிலிருந்து உருவிவிடுங்கள். ஃபைபர் கண்ணாடி என்பதால் அதன் வழியே மின்சாரம் வராது என்பது உண்மை. கரண்ட் ஒயர் வழியே வரும். ஒயரைத் தாங்கும் இரும்புக் கம்பியும் கூடவே தொங்குகிறது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

நின்றுபோனால்

பெட்டியில் லாஸ் (LOS) என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். வெளியே எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது வீட்டுக்குள் மஞ்சள் ஒயர் மேசைக் காலில் நசுங்கியிருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். பான் (PON) விளக்கு பச்சையாக நின்றபடி எரிந்து, நெட் மட்டும் இல்லையென்றால் கம்பியில் தப்பில்லை. பணம் கட்டிய தேதி தாண்டியிருக்கும், அல்லது கணக்கில் ஏதோ சிக்கல். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தாலே புகார் பாதி நேரத்தில் தீரும்.

லைன்மேன் அண்ணனுக்கு வாட்ஸாப்பில் சிவப்பு விளக்கின் போட்டோ அனுப்புங்கள், அவர்தான் உண்மையில் வந்து ஏறப் போகிறவர். ஆனால் அதோடு நிற்காமல் கம்பெனியின் ஆப்பிலோ இலவச எண்ணிலோ புகார் கொடுத்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். புகார் எண் இல்லாத பழுது கம்பெனியின் கணக்கில் நடக்கவே இல்லை. தீரவில்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். ஒவ்வொரு கம்பெனியும் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. டிராய் தனி ஆளின் புகாரை எடுத்துத் தீர்ப்பதில்லை, அங்கே எழுதிக் காத்திருக்காதீர்கள். அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசிச் சேவைக் குறைபாட்டுக்கு அங்கே போக முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாவட்ட ஆணையம் சேலத்திலேயே இருக்கிறது.

ஏற்காட்டில் கதை வேறு. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களிலேயே ஒயரைக் கட்டி இழுத்திருப்பார்கள். காற்றில் கிளை விழும், குரங்கு தொங்கும், அணில் கடிக்கும். எந்த மரத்தில் அறுந்தது என்று தேடவே அரைநாள் போகும். வீட்டிலிருந்து முதல் கம்பம் வரை ஒயர் எந்த வழியாக வருகிறது என்று ஒருமுறை நடந்து பார்த்து வையுங்கள். எஸ்டேட் காவலருக்குத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அந்த மாதிரி நாளில் பழுது பார்ப்பவர் மேலே வருவதே பெரிய காரியம். எனவே ஃபைபர் ஒரு கம்பெனி, துணைக்கு ஒரு சிம் வேறு கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து போகும் நாளும் வரலாம், டவருக்கும் அதே மலையில்தான் ஃபைபர் ஏறுகிறது.

அலாரம்

நம் ஊரில் வீட்டு அலாரம் என்றால் பெரும்பாலும் கதவில் காந்த சென்சார், கூடத்தில் ஆள் நடமாட்டம் பார்க்கும் சென்சார், ஒரு சைரன், இவற்றை இணைக்கும் பெட்டி. அந்தப் பெட்டி சிம் வழியாகவோ, வைஃபை வழியாகவோ, பழைய வகையென்றால் லேண்ட்லைன் வழியாகவோ நீங்கள் பதிந்து வைத்த எண்களைக் கூப்பிடும். போலீஸுக்குத் தானாகப் போகும் என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி இல்லை. அதில் யார் எண் இருக்கிறதோ அவர்தான் 112ஐயோ 100ஐயோ கூப்பிட வேண்டும்.

ஏற்கெனவே அலாரம் இருக்கும் வீட்டுக்குக் குடிவந்தால் முதல் நாளே செய்ய வேண்டியது, அதில் பதிந்திருக்கும் எண்களை எல்லாம் எடுத்துப் பார்ப்பது. முன்பு குடியிருந்தவர், அவர் மைத்துனர், அலாரம் மாட்டிக் கொடுத்தவர் என்று ஒரு வரிசையே இருக்கும். சிலர் தூரத்திலிருந்தே எஸ்எம்எஸ் அனுப்பி அலாரத்தை அணைக்கவும் முடியும். எல்லாவற்றையும் அழித்து, முதன்மை ரகசிய எண்ணை மாற்றுங்கள். ரிமோட் எத்தனை கொடுத்தார்கள், எத்தனை உங்களிடம் வந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். குறைந்தால் பழைய ரிமோட்களின் பதிவை நீக்கச் சொல்லுங்கள்.

சிம் வகையில் மூன்று விஷயம். ஒன்று, பழைய பெட்டிகளில் 2ஜி மட்டும்தான் ஓடும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்தச் சிம்மைப் போட்டால் பெட்டி உயிரோடு இருக்கும், யாரையும் கூப்பிடாது. இரண்டு, சிம் யார் பெயரில்? ஓனர் பெயரில் இருந்தால் ரீசார்ஜ் முடியும் தேதி உங்களுக்குத் தெரியாது, முடிந்த அன்றோடு அலாரம் ஊமை. மூன்று, அதற்கு டேட்டா வேண்டாம். 2025 தொடக்கத்திலிருந்து பேச்சும் எஸ்எம்எஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ் கிடைக்கிறது, நீண்ட நாள் வேலிடிட்டியாகப் பார்த்துப் போடலாம். சிம் போட்டு ஓடும் கேமராவுக்கு இது உதவாது, அதற்கு டேட்டா வேண்டும்.

லேண்ட்லைன் வகையாக இருந்தால், பதிந்த செல்போன் எண்களுக்கு முன்னால் 0 இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனைக் கூப்பிட 0 சேர்க்க வேண்டும். அதற்கு முன்னால் மாட்டிய பெட்டி, யாரும் தொடாமல் விட்டிருந்தால், அன்றிலிருந்து யாரையும் எழுப்பியிருக்காது. ஃபைபருக்கு மாறிய வீட்டில் அந்தப் போன் லைனுக்கு யுபிஎஸ்ஸும் வேண்டும் என்பதை மேலே சொன்னதோடு சேர்த்துப் படியுங்கள்.

முதல் எண்ணாக யாரைப் போடுவது? பெரும்பாலோர் தன் எண்ணையே போடுகிறார்கள். நீங்கள் பெங்களூரில் இருக்கும்போது அலாரம் உங்களைக் கூப்பிட்டு என்ன பயன்? நடந்து வந்து எட்டிப் பார்க்கக் கூடியவர் எண்தான் முதலில். சேலத்தில் பக்கத்து வீட்டுக்காரர், அவர் சம்மதத்தோடு. ஏற்காட்டில் கட்டாயம் மலை மேலேயே இருக்கும் ஒருவர். கீழே இருக்கும் ஓனர் இருபது வளைவு ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். உங்கள் எண் இரண்டாவது.

பொய் அலாரம்தான் பக்கத்து வீட்டு உறவைக் கெடுக்கும். சென்சார் கண்ணாடி மேல் பல்லி ஊர்ந்தால் போதும், சைரன் அலறும். ஃபேன் காற்றில் ஆடும் திரைச்சீலை, வெயில் நேராக விழும் ஜன்னல், ராத்திரி உள்ளே வரும் பூனை எல்லாம் அப்படித்தான். மலையில் வெளிக் கேமராவுக்கு மூடுபனியும் சிலந்தி வலையும் எதிரி; இரவுப் பார்வை விளக்கு பனியில் பட்டுத் திரும்பித் திரை முழுக்க வெள்ளையாகிவிடும். தோட்டத்துக்குள் காட்டெருமை நுழைந்தாலும் எச்சரிக்கை வரும், அது பொய் அலாரம் இல்லை, கதவைத் திறக்காதீர்கள். மாதம் ஒருமுறை, பகல் நேரத்தில், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுச் சைரனை அடித்துப் பாருங்கள். பிளக்கை உருவிவிட்டும் ஒருமுறை பாருங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி செத்திருப்பது அப்போதுதான் தெரியும்.

சென்சாருக்குத் துளை வேண்டாம், இருபக்க ஒட்டு நாடா போதும். சுண்ணாம்புச் சுவரில் நாடா நிற்காது, கதவுச் சட்டத்திலோ டைல்ஸ் பதித்த பகுதியிலோ ஒட்டுங்கள். காஸ் கசிவு அலாரம் வைப்பவர்கள் அதைத் தரையை ஒட்டிக் கீழே வையுங்கள்; சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். கசிவு புகாருக்கு 1906.

கேமராவைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் பேசிவிடுங்கள். காம்பவுண்ட், படிக்கட்டு, வாகன நிறுத்தம் ஆகிய இடங்களில் ஓனர் கேமரா வைப்பது நியாயம். உங்கள் கதவுக்குள் பார்க்கும்படி வைக்கக் கூடாது. ஒருவரின் அந்தரங்க உடற்பகுதியை அவர் சம்மதமில்லாமல் படம் பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். உள்ளே பழைய கேமரா மாட்டியிருந்தால் கழற்றித் தரச் சொல்லுங்கள், "ஆஃப்ல தான் இருக்கு" என்ற பதிலை ஏற்க வேண்டாம்.

வெளியூர் போகும்போது உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் தேதியோடு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், இரவு ரோந்தில் பார்க்கச் சொல்வார்கள். தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி ஆப்பையும் போனில் போட்டு வையுங்கள். இவையெல்லாம் செலவில்லாத அலாரம்.

காலி செய்யும்போது

அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். இதில் வரிசை முக்கியம்.

பதினைந்து நாளுக்கு முன்னால் பிராட்பேண்ட் கம்பெனிக்கு எழுதுங்கள். புது வீட்டுக்கு மாற்றப் போகிறீர்களா, நிறுத்தப் போகிறீர்களா என்று தெளிவாக. புது முகவரிக்குச் சேவை எட்டுமா என்று உறுதியான பிறகே பழையதை விடுங்கள். நிறுத்துவதானால் பெட்டியையும் அடாப்டரையும் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாயால் சொல்லி லைன்மேனிடம் கொடுத்தனுப்பிய பெட்டிக்கு ஆறு மாதம் கழித்துப் பணம் கேட்டு எஸ்எம்எஸ் வரும். வைப்புத் தொகை கட்டியிருந்தால் அதைத் திருப்பித் தரச் சொல்லி அதே கடிதத்தில் கேளுங்கள்.

"அடுத்து வர்றவங்க பாவம், அப்படியே விட்டுட்டுப் போங்க, அவங்க பணம் கட்டிக்குவாங்க" என்று ஓனர் சொல்வார். கூடாது. உங்கள் ஆதார் கொடுத்து வாங்கிய இணைப்பில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். பெயரை மாற்றிக் கொடுங்கள், அல்லது நிறுத்துங்கள். சில மாதம் கழித்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை செல்போன் இணைப்புகள் இருக்கின்றன என்று பாருங்கள். அலாரத்துக்கு வாங்கி மறந்துபோன சிம் அங்கேதான் தலைகாட்டும்.

சாமான் ஏற்றும் வரை அலாரமும் கேமராவும் ஓடட்டும், பாதி வீடு காலியாகிக் கதவு திறந்து கிடக்கும் அந்த இரண்டு நாள்தான் பொருள் காணாமல் போகும் நாள். வண்டி கிளம்பும் முன் உங்கள் கேமராவின் மெமரி கார்டை எடுத்துக்கொண்டு, கணக்கிலிருந்து கேமராவை நீக்குங்கள். ஓனரின் அலாரம் என்றால், அதிலிருந்து உங்கள் எண்ணையும் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையும் அழித்து, ரகசிய எண்ணை ஓனர் முன்னாலேயே அவர் விரும்பும் எண்ணுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, சைரனை ஒருமுறை அடித்துக் காட்டி, ரிமோட்களை எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள், இனிமேல் அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அவர் ஓட வேண்டியதில்லை என்று.